ரவுட்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சா, கோல் எடுக்க முதல் இத வாசிங்க

போன மாரிக்குள்ள எங்கட வீட்டு இன்டர்நெட் 11 நாள் செத்துக் கிடந்தது. மட்டக்களப்பு கல்லடில கடலுக்குக் கிட்ட வீடு, காத்தும் மழையும் ஒண்டா வந்தா எங்களுக்கு முதல்ல போறது கரண்ட், ரெண்டாவது நெட். அந்த 11 நாளில நான் ஹொட்லைனுக்கு எடுத்தது 9 கோல், அதில 6 கோல் சும்மா வீண். ஏன் வீண் எண்டா நான் ஒவ்வொரு முறையும் "மிஸ், நெட் வேலை செய்யுதில்ல" எண்டு மட்டும்தான் சொன்னன், அவங்களும் ஒவ்வொரு முறையும் "ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க சேர்" எண்டு மட்டும்தான் சொன்னாங்க. கம்பனி பேர் சொல்லல்ல, சொல்லியும் பிரயோசனமில்ல, மச்சான்ட வீட்டில வேற கம்பனி, அங்கயும் இதே பாட்டுத்தான்.

அதுக்குப் பிறகு நான் பழகின முறை என்னெண்டா, ஃபோன கையில எடுக்க முதல் பிழை நம்மட வீட்டுச் சுவருக்கு உள்ளயா வெளியயா எண்டத நாமளே கண்டுபிடிக்கிறது. உள்ள எண்டா அரைவாசி நேரம் நாமளே சரிப்பண்ணலாம். வெளிய எண்டா நாம என்ன குத்துக்கரணம் அடிச்சாலும் ஏணியோட ஒராள் வரத்தான் வேணும், அப்ப அந்த ஆள எப்பிடிக் கெதியா வரவைக்கிறது எண்டுதான் யோசிக்கோணும்.

லைட்டுகள்ல இருந்து தொடங்குவம். ஃபைபர் லைன் எண்டா சுவரில ஒரு வெள்ளைப் பொட்டி இருக்கும், அதில இங்கிலீசுல பி ஓ என் எண்டு ஒரு லைட், எல் ஓ எஸ் எண்டு இன்னொரு லைட். எங்கட வீட்டில அதுகள பொன், லொஸ் எண்டுதான் கூப்பிடுறது. அம்மாவுக்குக் கூட இப்ப தெரியும், பொன் பச்சையா நிண்டா லாபம், லொஸ் சிவந்தா நட்டம். லொஸ் சிவப்பா மினுங்குதெண்டா எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து வயருக்குள்ளால வாற வெளிச்சம் உங்கட பொட்டிக்கு வந்து சேரல்ல, வயர் எங்கயோ அறுந்திட்டு, இல்லாட்டி மடிஞ்சிட்டு, இல்லாட்டி கனெக்டர் கழண்டிட்டு. லொஸ் எரியல்ல ஆனா பொன் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கெண்டா வெளிச்சம் வருது, ஆனா அங்கால இருக்கிற மெசின் உங்கட பொட்டிய இன்னும் சேத்துக்கொள்ளல்ல, அது கூடுதலா கம்பனிப் பக்கத்து வேலை. ரெண்டும் நல்லா இருந்து இன்டர்நெட் எண்ட லைட் மட்டும் எரியல்லயா, முதல்ல பில் கட்டினீங்களா எண்டு பாருங்க. சிரிக்காதீங்க, எனக்கு நடந்திருக்கு. எல்லா லைட்டும் பச்சை, ஆனாலும் ஃபோன்ல ஒண்டும் திறக்குதில்ல எண்டா பிழை பெரும்பாலும் வீட்டுக்குள்ள, வைஃபைல.

ரீஸ்டார்ட் வேற ரீசெட் வேற, இத தயவுசெய்து வீட்டில இருக்கிற பொடியனுகளுக்குச் சொல்லி வைங்க. ரீஸ்டார்ட் எண்டா பிளக்க கழட்டி ஒரு ரெண்டு மூண்டு நிமிசம் விட்டுட்டுத் திரும்பப் போடுறது. ரீசெட் எண்டா பின்னால இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள ஊசியால குத்திப் பிடிக்கிறது, அதில செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சிரும், சில ரவுட்டர்ல கம்பனி போட்டுத் தந்த யூசர்நேம் பாஸ்வேர்டும் சேந்து போயிரும். எங்கட சின்னவன் யூடியூப்ல பாத்து ஒருக்கா குத்தினான், ஒரு பிழை ரெண்டு பிழையாச்சு.

மறுகா வெளிய வந்து வயரப் பாருங்க. போஸ்ட்ல இருந்து உங்கட கூரை வரைக்கும் கண்ணாலயே வயரோட நடங்க. நம்மட பக்கம் தென்னோலை விழுந்து இழுக்கிறது, முருங்கைக் கொப்பு முறிஞ்சு மேல கிடக்கிறது, அணில் கடிக்கிறது, இந்த மூண்டும்தான் கூட. வீட்டுக்குள்ள எண்டா அலுமாரிய தள்ளி வெக்கக்குள்ள வயர் மடிஞ்சு நசிஞ்சிரும், ஃபைபருக்குள்ள இருக்கிறது மயிர் மாதிரிக் கண்ணாடி, சுருட்டலாம், ஆனா பேப்பர மடிக்கிற மாதிரி மடிச்சா வெளிச்சம் போகாது. அறுந்து கிடந்தா ஃபோட்டோ எடுத்து வைங்க, ஆனா கரண்ட் வயரோட சிக்கிக் கிடந்தா கிட்டவும் போக வேணாம். அறுந்த நுனிக்குள்ள கண்ண வெச்சுப் பாக்காதீங்க, அதுக்குள்ள வாறது கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம். கரண்ட் வயர் மாதிரி முறுக்கி டேப் சுத்தவும் ஏலாது, அத உருக்கி ஒட்டுறதுக்குத் தனி மெசின் இருக்கு.

இன்னும் பழைய செம்பு வயர் லைன் வெச்சிருக்கிறவங்க லேன்ட்ஃபோன எடுத்துக் காதுல வைங்க. டயல் டோன் இல்லயா, கர கர எண்டு இரையுதா, அப்ப பிழை ரவுட்டர்ல இல்ல, லைன்ல. மழைத் தண்ணி ஜொயின்ட்டுக்குள்ள போனாலும் உப்புக் காத்துப் பட்டு செம்பு பச்சை பிடிச்சாலும் இதுதான் நடக்கும், மழை விட்டு வெயில் வந்தா தானாச் சரியாகும், அடுத்த மழைக்குத் திரும்பப் போகும். இந்த மாதிரிப் பிழைய வெயில் நாளில சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, இரையக்குள்ளயே கோல் எடுங்க, முடிஞ்சா சத்தத்த ஃபோன்ல பதிஞ்சு வைங்க. ஃபோனும் ரவுட்டரும் பிரியிற சின்னப் பொட்டி, ஸ்ப்ளிட்டர் எண்டு சொல்றது, அத கழட்டிப்போட்டு வயர நேர ரவுட்டருக்குக் குடுத்தும் ஒருக்காப் பாருங்க. நெட் வந்தா ஸ்ப்ளிட்டர்தான் செத்திருக்கு.

வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் பாவிக்கிற சொந்தக்காரங்க எனக்குக் கனபேர், அவங்களுக்கு வேற கதை. வவுணதீவில இருக்கிற பெரியம்மா ரவுட்டர ஃப்ரிட்ஜுக்கு மேல வெச்சு அதுக்குமேல ஒரு துணியும் போட்டு மூடி வெச்சிருந்தா, தூசு படக்கூடாதாம். எடுத்து டவர் இருக்கிற பக்கத்து ஜன்னல்ல உயரத்தில வெச்சதுதான், டோகால இருக்கிற மகனோட வீடியோ கோல் முறியாமப் போகுது. பிரவுசர்ல ரவுட்டர்ட செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போனா (விலாசம் கனக்க ரவுட்டருக்கு 192.168.8.1 இல்லாட்டி 192.168.1.1, அடியில ஸ்டிக்கர்லயும் இருக்கும்), அங்க ஆர்எஸ்ஆர்பி எண்டு சிக்னல்ட பலத்த மைனசோட ஒரு நம்பரில காட்டும். மைனஸ் 85, 90 எண்டா நல்லம், மைனஸ் 110க்கு அங்கால போனா சிக்னல் சரியில்ல, இடத்த மாத்தி மாத்தி வெச்சு எந்த இடத்தில நல்லா வருதெண்டு பாருங்க. சிக்னல் நல்லா இருந்து பின்னேரம் 7 மணிக்குப் பிறகு மட்டும் இழுக்குதெண்டா டவர்ல சனம் கூட, அதுக்கு ரவுட்டர மாத்தி வேலையில்ல.

ஸ்பீட் குறைவு எண்டு முறையிடப் போறவங்களுக்கும் ஒரு கதை. பெக்கேஜ்ல 100 எம்பிபிஎஸ் எண்டு போட்டிருந்தா டவுன்லோட்ல செக்கனுக்கு 100 எம்பி வராது, பெக்கேஜ்ல போடுறது மெகாபிட், டவுன்லோட்ல காட்டுறது மெகாபைட், எட்டு பிட் ஒரு பைட், அதால எட்டால பிரிக்கோணும், ஆகக்கூடினது 12.5 எம்பிதான். டேட்டா முடிஞ்சா ஸ்பீட் தானாக் குறையிற பெக்கேஜும் இருக்கு, கம்பனி அப்புக்குள்ள போய் மிச்சம் எவ்வளவு எண்டு முதல்ல பாருங்க. மறுகா லெப்டொப்ப கேபிளால ரவுட்டர்ல குத்தி ஸ்பீட் டெஸ்ட் பண்ணுங்க. கேபிள்ல நல்லா வந்து ஃபோன்ல வரல்லயா, குற்றம் வைஃபைல, 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை தூரம் போகும் ஆனா மெதுவு, 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் ஆனா கொங்கிரீட் சுவர் ரெண்டு தாண்டினா மூச்சு வாங்கும். கேபிள்லயும் குறைவு எண்டா காலம, மத்தியானம், இரவு மூண்டு நேரமும் எடுத்து ஸ்க்ரீன்ஷொட் வைங்க, ஒரு ஸ்க்ரீன்ஷொட்ட ஆரும் கணக்கெடுக்க மாட்டாங்க. வட்ஸ்அப் போகுது ஆனா வெப்சைட் திறக்குதில்ல எண்டா செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்ஸ, அதாவது வெப்சைட் பேருக்கு நம்பர் தேடித் தாற சேர்வர, 8.8.8.8 இல்லாட்டி 1.1.1.1 எண்டு மாத்திப் பாருங்க, அடிக்கடி அதிலயே முடிஞ்சிரும்.

அடப்டரையும் மறக்காதீங்க. ரவுட்டர் தன்பாட்டில அணைஞ்சு அணைஞ்சு வருதெண்டா கூடுதலா அடப்டர் களைச்சிட்டு. புதுசு வாங்கக்குள்ள பழையதில எழுதியிருக்கிற வோல்ட் அப்பிடியே இருக்கோணும், அம்பியர் குறையக்கூடாது.

இதெல்லாம் பாத்து முடிச்சுத்தான் கோல். ஒரு கொப்பி எடுங்க, புள்ளையள்ட பழைய சிஆர் கொப்பி காணும். நெட் போன திகதி, நேரம், எந்த லைட் என்ன நிறம், நீங்க என்ன செய்து பாத்தீங்க, எல்லாத்தையும் எழுதிப்போட்டு நம்பர அமத்துங்க. தமிழுக்கு வேற லைன் இருந்தா அதையே எடுங்க, சிங்களத்தில கெதியா எடுப்பாங்க எண்டு போய் அரைகுறையாக் கதைச்சு பிழைய மாத்திப் பதிய வெச்சதும் நான்தான், தமிழ்ல கதைக்கிறவர் வரும்வரைக்கும் கோல்ல நிக்கிறது நட்டமில்ல. எடுத்தவுடன இப்பிடிச் சொல்லுங்க: "மிஸ், என்ட நம்பர் 065ல தொடங்குறது, நேற்று பின்னேரம் 4 மணில இருந்து எல் ஓ எஸ் லைட் சிவப்பா மினுங்குது, பிளக்க கழட்டி 5 நிமிசம் வெச்சும் பாத்திட்டன், கனெக்டர் இறுக்கமா இருக்கு, ரோட்டில போஸ்டுக்குக் கிட்ட வயர் தொங்குது." இவ்வளவும் ஒரு மூச்சில சொன்னா அவங்களுக்கு வாசிக்கிறதுக்கு மிச்சக் கேள்வி குறைவு, நேர கொம்ப்ளெயின் போடத்தான் வேணும். அதுக்குப் பிறகும் திரும்ப ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னா கோவப்படாம செய்யுங்க, அந்தப் புள்ளைக்கு முன்னால ஸ்க்ரீன்ல அப்பிடித்தான் எழுதியிருக்கு, அவவும் சம்பளத்துக்கு இருக்கிறவதானே.

ஃபோன வைக்க முதல் ரெண்டு விசயம் கட்டாயம் கேளுங்க, ரெபரன்ஸ் நம்பர் என்ன, எத்தனை நாளைக்குள்ள ஆள் வருவார். கதைச்சவட பேரையும் கேட்டு எழுதுங்க. எனக்கு நடந்தது என்னெண்டா, நாலாம் நாள் "உங்கட முறைப்பாடு தீர்க்கப்பட்டது" எண்டு மெசேஜ் வந்தது, வீட்டுக்கு ஒரு குருவியும் வரல்ல. இப்பிடி வந்தா புதுசா ஒரு கொம்ப்ளெயின் போட விடாதீங்க, புதுசு போட்டா நாள்க்கணக்கு திரும்ப ஒண்டில இருந்து தொடங்கும். "பழைய நம்பரையே திரும்பத் திறங்க, ஒருத்தரும் வரல்ல" எண்டு சொல்லுங்க. அப்பிடியும் அசையல்லயா, டவுன்ல இருக்கிற ஒபிசுக்கு கொப்பியோட நேர போங்க, முகத்துக்கு நேர ஒராள் நிண்டா கதை வேற. நெட் இல்லாத நாளுக்கு பில்லில கழிச்சுத் தர ஏலுமா எண்டு அங்கயே கேளுங்க, கேக்காட்டி தானாத் தர மாட்டாங்க.

கம்பனிக்குச் சொல்லியும் சரிவரல்ல எண்டா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கு, 1991ம் ஆண்டு 25ம் இலக்கச் சட்டத்தோட சம்பந்தப்பட்டது, ஹொட்லைன் 1900, ஒபிஸ் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை 276. ஆனா முதல்ல கம்பனிக்குப் போட்ட முறைப்பாட்டுட நம்பரும் திகதியும் கையில வெச்சுக்கொண்டு போங்க, அது இல்லாமப் போனா திரும்பக் கம்பனிக்குத்தான் அனுப்புவாங்க. அந்தக் கொப்பி இங்கதான் காசாகும். இடைக்குள்ள ஆராவது எடுத்து "நெட் திருத்துறம், ஃபோனுக்கு வந்த ஓடிபிய சொல்லுங்க" எண்டு கேட்டா உடன கட் பண்ணுங்க, லைன் திருத்துறதுக்கு ஓடிபி தேவையில்ல.

திருத்த ஆள் வாற நாளில ஃபோன சைலன்ட்ல போடாதீங்க, அவருக்கு வழி தெரியாட்டி ஒருக்கா எடுப்பார், நீங்க எடுக்காட்டி "வீட்டில ஆள் இல்ல" எண்டு எழுதிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவார். லொக்கேசன் அனுப்பினாலும் வாயாலயும் சொல்லுங்க, இன்ன கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது ஒழுங்கை, நீலக் கேட் எண்டு. எங்களுக்கு 11ம் நாள் வந்த தம்பி பாவம், மழைக்குள்ள ஓட்டமாவடிப் பக்கமிருந்து வந்தவர், அரை மணித்தியாலத்தில வேலைய முடிச்சிட்டார், பிழை கூரைக்கு மேல கிளிப்புக்குக் கிட்ட வயர் நசிஞ்சது. பிளேன் டீ ஒண்டு குடுத்து வயர்ல வாற வெளிச்சத்திட பலம் அவர்ட மீட்டர்ல எத்தனை காட்டுது எண்டு கேட்டன், மைனஸ் 21 எண்டார். உங்களுக்கும் மைனஸ் 15க்கும் 25க்கும் இடையில எண்டா நல்லம், மைனஸ் 27க்கு அங்கால போனா இண்டைக்கு நெட் வந்தாலும் அடுத்த மழைக்குப் போயிரும், அவர் ஏணிய மடிக்க முதல் அத திரும்பப் பாக்கச் சொல்லுங்க, அந்த நம்பரையும் கொப்பில எழுதுங்க.

இடி மின்னலுக்கு பிளக்கக் கழட்டுங்க, செம்பு லைன் எண்டா ஃபோன் வயரையும் சேத்து. ஃபைபர் கண்ணாடிக்குள்ளால மின்னல் வராது, ஆனா அடப்டர் வழியா வரும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில நான் வாங்கின மினி யூபிஎஸ், கரண்ட் போனாலும் ரவுட்டர ஓட வைக்கிற சின்ன பெட்டரிப் பொட்டி, இப்பவும் ரவுட்டருக்குப் பின்னால கிடக்கு, ரவுட்டர்ட வோல்ட்டுக்குச் சரியா இருக்கெண்டு பாத்து வாங்கினாச் சரி.