சிசிஎன்ஏ படித்தால் வேலைக்கு எவ்வளவு உதவும்? மதுரையிலிருந்து தொடங்குபவர்களுக்கான செய்முறை

டிப்ளமோவோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ முடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிசிஎன்ஏ போட்டால் வேலை கிடைக்குமா?" சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் தேர்வு வைத்துத் தரும் தொடக்கநிலைச் சான்றிதழ். அது உங்களை இன்டர்வியூ வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குப் பிறகு, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் கைவைத்துப் பழகியிருக்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

படி 1: கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் வேலையைப் பாருங்கள்

நௌக்ரியிலும் லிங்க்டுஇன்னிலும் "நெட்வொர்க் இன்ஜினியர்", "என்ஓசி" (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்), "சிஸ்டம் அட்மின்" என்று தேடி, இருபது விளம்பரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தச் சான்றிதழ், என்ன அனுபவம், எந்த ஊர் என்று குறித்தாலே படம் தெளிவாகிவிடும்.

மதுரையில் மருத்துவமனை, இன்ஜினியரிங் காலேஜ், கப்பலூர் சிட்கோ பக்கத்துத் தொழிற்சாலை, டவுன்ஹால் ரோடு ஹோட்டல் என எங்கும் நெட்வொர்க் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஸ்விட்ச், வைஃபை, பிரின்டர், சிசிடிவி எல்லாவற்றையும் பார்ப்பார். அங்கே சிசிஎன்ஏ மட்டும் போதாது, விண்டோஸும் கேமரா அமைப்பும் தெரிய வேண்டும். சென்னை, பெங்களூரு என்ஓசி வேலைகள் வேறு மாதிரி: ஷிப்ட், டிக்கெட் (பதிவான புகார்), மானிட்டரிங். நூற்றுக்கணக்கில் ரெஸ்யூமே குவியும் இடம் என்பதால் சான்றிதழை வைத்துத்தான் முதல் வடிகட்டல் நடக்கும். சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் பொருளை விற்று நிறுவித் தரும் பார்ட்னர் கம்பெனிகளுக்கோ, பார்ட்னர் தகுதிக்காகவே சான்றிதழ் பெற்ற ஆட்கள் தேவைப்படுவார்கள். அங்கே உங்கள் சான்றிதழ் அவர்களுக்கும் சொத்து. அதனால் அடுத்த தேர்வுக் கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 2: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301. ஒரே தேர்வு, 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. காம்ப்டியா என்ற அமைப்பு தரும் இன்னொரு சான்றிதழான நெட்வொர்க் பிளஸ் (என்10-009) 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. அது எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. உங்கள் நோட்டில் எது அதிகம் வந்திருக்கிறதோ அதையே எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சிசிஎன்ஏ எடுங்கள், கமாண்டு அடிக்கும் பழக்கம் அதோடு சேர்ந்தே வரும்.

"சிசிஎன்ஏ, சிசிஎன்பி சேர்த்து ஆஃபர்" என்று யாராவது விற்றால் இப்போதைக்கு வேண்டாம்; சிசிஎன்பி இதற்கு அடுத்த நிலைச் சான்றிதழ். அனுபவமே இல்லாதவர் ரெஸ்யூமேயில் சிசிஎன்பி போட்டால் கேள்விகளும் அந்த உயரத்திலேயே வரும்.

படி 3: சப்நெட்டிங்கைக் கையால் போடுங்கள்

ஒரு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதுதான் சப்நெட்டிங். ஒரு மருத்துவமனைக்கு 192.168.10.0/24 (மொத்தம் 256 முகவரி; / குறிக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆகப் பகுதி சிறிதாகும்) கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில்லிங், ரிசப்ஷனுக்கு 50 கம்ப்யூட்டர், 25 கேமரா, நிர்வாகத்துக்கு 10 கம்ப்யூட்டர். பெரிய தேவையிலிருந்துதான் பிரிக்க வேண்டும்.

50-க்கு /26. 64 முகவரியில் முதலும் கடைசியும் போக 62 கிடைக்கும்; .0 முதல் .63 வரை. 25-க்கு /27, அதில் 30 கிடைக்கும்; .64 முதல் .95 வரை. 10-க்கு /28, அதில் 14; .96 முதல் .111 வரை. கேட்வேக்கும் (அந்தப் பகுதியிலிருந்து வெளியே போகும் வழியான ரவுட்டருக்கு) ஒரு முகவரி போகும் என்பதை மறக்காதீர்கள். சிறியதிலிருந்து தொடங்கி .0-வில் /28 வைத்துவிட்டால் /26-ஐ .16-இல் ஆரம்பிக்க முடியாது, 64-இன் மடங்கில்தான் அது நிற்கும். பலர் சறுக்கும் இடம் இதுதான். ஒரு கணக்கை ஒரு நிமிடத்துக்குள் போட வரும்வரை தினமும் பத்து கணக்கு போடுங்கள்.

படி 4: லேப்

நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே போலியாக அமைத்துப் பழகும் மென்பொருளான சிஸ்கோ பாக்கெட் டிரேசர் இலவசம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். ஒரு ரவுட்டர், ஒரு 2960 ஸ்விட்ச், இரண்டு பிசி போடுங்கள். ஒரு பிசி விலான் 10, மற்றது விலான் 20 (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் விலான்). ஸ்விட்ச்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை டிரங்க் (பல விலான்களையும் சுமக்கும் போர்ட்) ஆக்குங்கள். ரவுட்டரில் ஒவ்வொரு விலானுக்கும் ஒரு சப்இன்டர்ஃபேஸ், அதாவது ஒரே போர்ட்டுக்குள் பிரித்து அமைக்கும் தனிப் பகுதி.

முதல் முறை ஒரு பிசியிலிருந்து மற்றதற்குப் பிங் (இணைப்புச் சோதனை) போகாமல் இருப்பது சகஜம். இந்த வரிசையில் பாருங்கள்:

ரவுட்டரில் "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்" அடியுங்கள். "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று காட்டினால், மெயின் போர்ட்டில் "நோ ஷட்டவுன்" கொடுக்கவில்லை. ஸ்விட்ச் போர்ட் தானாகவே திறந்திருக்கும், ரவுட்டர் போர்ட் மூடியே வரும்.

சப்இன்டர்ஃபேஸில் ஐபி ஏற்காவிட்டால், "என்கேப்சுலேஷன் டாட்1க்யூ" வரியை முதலில் அடிக்கவில்லை. அதோடு விலான் எண்ணையும் சரியாகக் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்ச்சில் "ஷோ விலான் ப்ரீஃப்" அடித்தால் டிரங்க் போர்ட் பட்டியலிலேயே இருக்காது. போர்ட் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்" அடித்தால் அது அங்கே தெரியும்.

எல்லாம் சரி, இன்னும் போகவில்லையா? பிசியில் டிஃபால்ட் கேட்வே காலியாக இருக்கும்.

இந்த லேபை அழித்துவிட்டு, குறிப்பு பார்க்காமல் மறுபடி செய்ய வர வேண்டும். "இரண்டு விலான் பேசிக்கொள்ளவில்லை, என்ன பார்ப்பீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால், மேலே சொன்ன வரிசைதான் பதில்.

முடிந்தால் பழைய 2960 ஒன்றும், அதைக் கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளும் வாங்குங்கள். 9600 வேகத்தில் இணைக்க வேண்டும். திரையில் குப்பையாக எழுத்து ஓடினால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். கான்ஃபிகரேஷனைச் சேமிக்காமல் கரண்ட் போனால் செய்ததெல்லாம் போய்விடும்.

படி 5: தேர்வுப் பதிவு

தேர்வை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் உங்கள் கணக்கில் உள்ள பெயரும், தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியலால் வரும் சிக்கல் இது. ஒரு அட்டையில் "எஸ்" மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். எதைக் காட்டப்போகிறீர்களோ அதைப் பார்த்தே பதியுங்கள்.

தேர்வில் ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், அடிப்படைகள் 20, நெட்வொர்க் ஆக்சஸ் 20. மூன்றும் சேர்ந்து 65. படிப்பு நேரத்தையும் அதே அளவில் பிரியுங்கள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது, ஒன்றிலேயே சிக்கி நிற்காதீர்கள். தோற்றால் மீண்டும் எழுத 5 நாள் காத்திருக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும்.

டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்வி, விடைத் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்யாதீர்கள். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். பிடிபடாவிட்டாலும், டெக்னிக்கல் ரவுண்டில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

படி 6: பாஸான பிறகு

ரெஸ்யூமேயில் "சிசிஎன்ஏ" என்ற ஒற்றை வரியோடு விடாமல், செய்த மூன்று லேப்களைத் தலா இரண்டு வரியில் எழுதுங்கள். டிஜிட்டல் பேட்ஜின் லிங்க்கையும் சேருங்கள். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். அதற்குள் சிசிஎன்பியின் கோர் தேர்வான 350-401-ஐப் பாஸ் செய்தால் சிசிஎன்ஏவும் புதுப்பிக்கப்படும். இல்லையென்றால் 30 தொடர்கல்வி கிரெடிட் சேர்த்தும் புதுப்பிக்கலாம். வேலையில் சேர்ந்த பிறகு முதல் ஓராண்டை ரவுட்டிங், ஸ்விட்ச்சிங் டிக்கெட்டுகளிலேயே செலவிடுங்கள், கோர் தேர்வுக்கு அதன் பிறகு உட்காரலாம்.