பழைய டீசல் பிக்கப்: கியர் மாறும் சிக்கலைக் கண்டுபிடித்தது

5.9 லிட்டர் டீசல், 47ஆர்ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள அமெரிக்க பிக்கப். மணிக்கு 50 மைல் வேகத்தில் சீராக ஓட்டினால் ஆர்பிஎம் முள் 200, 300 ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பார்க்கிறவர்கள் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லுவார்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில், நியூட்ரலில் வைத்து அளக்கணும். பார்க்கில் வைத்தால் இந்தக் கியர்பாக்ஸில் பம்ப் டார்க் கன்வெர்ட்டரை (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) நிரப்பாது, அளவு தப்பாகக் காட்டும். ஏடிஎஃப் பிளஸ் 4 என்ற கியர்பாக்ஸ் ஆயில் தவிர வேறு ஊற்ற வேண்டாம். கருகிய வாடை வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கு, கதையே வேறு.

அடுத்து, முள் ஆடும்போது ஆக்சிலேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடணும், விளக்கு எரிகிற அளவு போதும். ஆட்டம் நின்று ஆர்பிஎம் மேலேயே நின்றால், மாறிக்கொண்டிருந்தது கியர் இல்லை, கன்வெர்ட்டர் லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். இங்கே குற்றவாளி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். அதன் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் டயோடு கெட்டால் ஏசி கசிந்து சென்சார் சிக்னலைக் கலக்கும். கம்ப்யூட்டர் லாக்கைப் போட்டுப் போட்டு எடுக்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பார்த்தேன்: 0.1 வோல்ட்டைத் தாண்டியது. ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு கனெக்டரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியதில் ஆட்டம் நின்றது. ஆல்டர்னேட்டரை மாற்றி, எர்த் கம்பிகளின் முனைகளைச் சுரண்டி இறுக்கினேன், சரியாகிவிட்டது.

இரண்டாம் கியரிலேயே கிளம்புகிற வண்டிக்கு இது மருந்தில்லை. கவர்னர் பிரஷரை, அதாவது வேகத்துக்கு ஏற்பக் கியரை மாற்றவைக்கும் ஆயில் அழுத்தத்தை, அளக்கணும். நிற்கும்போது 3 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு (மின்சார வால்வு), அதை அளக்கும் சென்சார் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், கியர்பாக்ஸின் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினால் கைக்கு எட்டும்.