ஃபார்முலா ஒன்னில் புதுக் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் பந்திங் ஒட்டுக்கடைகளில் கார் பந்தயப் பேச்சு வந்தால் செப்பாங் வராமல் போகாது. செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் ஓடுதளம். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம். "நம்ம நாட்டுக்கு மறுபடியும் ஒரு டீம் வேணும்" என்பார் ஒருவர். உடனே நுழைவுப் பணத்தைக் கணக்குப் போடுவார்கள். முதல் தவறு அங்கேதான்.

நுழைவுப் பணம் பெரியதுதான். ஃபார்முலா ஒன்னும் குழுக்களும் செய்த 2021 ஒப்பந்தத்தில் அது 200 மில்லியன் டாலராக இருந்தது. பந்தியில் ஓர் இலை கூடினால் மற்ற இலைகளுக்குச் சோறு குறையுமே, அதுபோல மற்றக் குழுக்களின் பரிசுப் பணப் பங்கு குறைவதற்கான ஈடு. ஆனால் அதைக் கட்டிய பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பம்.

அடுத்தது நாள் கணக்கு. மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸின் லோட்டஸ் குழுவுக்கு 2009 செப்டம்பரில் இடம் கிடைத்தது. முதல் பந்தயம் 2010 மார்ச்சில். ஆறே மாதத்தில் ஆள் சேர்த்து, கார் வரைந்து, ஓட்டியும் பார்க்க வேண்டும். அதே ஆண்டு பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்தது. உடன் நுழைந்த வெர்ஜின் குழுவின் டாங்கி முழுப் பந்தயத்துக்குப் போதவில்லை. டாங்கியைப் பெரிதாக்கச் சாசியையே, அதாவது காரின் உடற்கூட்டையே, நீட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்கக் குழுவான ஹாஸ் அவசரப்படவில்லை. 2014இல் அனுமதி வாங்கி, 2016 வரை காத்திருந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவற்றை ஃபெராரியிடம் வாங்கியது. முதல் பந்தயத்திலேயே 6ஆவது இடம், 8 புள்ளி.

அதற்காக எல்லாவற்றையும் இரவல் வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் தப்பு. பைக் பந்தயமான மோட்டோ ஜிபியில் அது நடக்கும்: செப்பாங் குழு யமஹா பைக்குகளை வாங்கி ஓட்டியே 2020இல் 14 பந்தயங்களில் 6ஐ வென்றது. ஃபார்முலா ஒன்னிலோ சாசியும் காற்றியக்க வடிவமைப்பும் குழுவின் சொந்த உரிமையாக இருக்க வேண்டும்.

வாக்குறுதியை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். 40 மில்லியன் பவுண்டு செலவு வரம்பு வரும் என்றுதான் 2010க்குப் பலர் மனுப் போட்டார்கள். பெரிய குழுக்கள் எதிர்த்தன, வரம்பு வரவில்லை.

பலரும் கவனிக்காதது 10ஆவது இடம். அன்று பரிசுப் பணத்தின் பெரும்பங்கு முதல் 10 குழுக்களுக்கே. லோட்டஸ் பின்னர் கேட்டர்ஹாம் ஆனது. 2012இன் கடைசிப் பந்தயத்தில், பிரேசிலில், அதன் ஓட்டுநர் பெட்ரோவ் 11ஆவதாக முடித்ததால் குழுவுக்கு அந்த 10ஆவது இடம் மயிரிழையில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அது மருஷியாவிடம் (பழைய வெர்ஜின் குழு) போயிற்று. 2014 இறுதியில், அபுதாபிக்குக் காரை ஏற்றி அனுப்ப, கேட்டர்ஹாமுக்காக ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள்.