பிரபலம் வாசித்த பியானோவா? மூலப்பத்திரம் பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ நிற்கிறது. அதற்கு நான் கொடுத்த விலையில் 25,000 ரூபாய் ஒரு பெயருக்காகக் கொடுத்தது.

புதுச்சேரியிலிருந்து கோட்டக்குப்பம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் பழைய மரச்சாமான் கிடங்குகளைப் பார்க்கலாம். செட்டிநாட்டுக் கதவு, பிரெஞ்சுக்காரர் வீட்டு அலமாரி, கால் உடைந்த சாய்வு நாற்காலி என்று எல்லாம் குவிந்து கிடக்கும். அப்படி ஒரு கிடங்கில்தான் இதைக் கண்டேன். முதலில் சொன்ன விலை 40,000. நான் கிளம்பத் திரும்பியதும், கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் ஒரு பெரிய இசையமைப்பாளர் மெட்டுப் போட்டது இதில்தான் என்றார் கடைக்காரர். அவர் பியானோ முன் அமர்ந்திருக்கும் சட்டமிட்ட படம் ஒன்றும் சுவரில் தொங்கியது. விலை 65,000 ஆனது. நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். படத்தை இலவசமாகக் கொடுத்தார்.

வீட்டுமனை வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், கிராம நிர்வாக அலுவலர் வரை போய் விசாரிக்கிறோம். பியானோவுக்கு மட்டும் நான் எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டியவற்றைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். பியானோவைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் செய்துவிடலாம். கைவிளக்கு, செல்பேசி, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதல் படி: பெயருக்கு என்ன விலை என்று பிரித்துக் கேளுங்கள்

பெயர் இல்லாமல் என்ன விலை, பெயரோடு என்ன விலை என்று நேராகவே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் சான்று வேண்டும்.

பெயருக்கு விலை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1975-ல் வாங்கிய யமஹா பேபி கிராண்ட் பியானோ (கிராண்ட் என்பது தந்திகள் படுக்கைவாட்டில் இருக்கும் வகை), 2023 செப்டம்பரில் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஜான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை அவர். பியானோ கற்றது மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில், உறைவிடப் பள்ளியில் படித்தபோது. அந்த யமஹாவின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக்கூட வைக்க விடமாட்டாராம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் வைத்திருந்த ஸ்டெயின்வே பியானோ இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடங்களில் நிற்பது போன்ற சாதாரண நிமிர்ந்த பியானோ, மேலே சிகரெட் சுட்ட தழும்புகள் வேறு. 2000-ஆம் ஆண்டு பாடகர் ஜார்ஜ் மைக்கேல் அதை ஏலத்தில் 14.5 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார். தழும்பை யாரும் தேய்த்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் லெனன் கை பட்ட தடயமும் சேர்ந்து போயிருக்கும்.

இரண்டாம் படி: வரிசை எண்ணைத் தேடுங்கள்

முக்கியமான படி இதுதான். மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

நிமிர்ந்த பியானோ என்றால் மேல் மூடியைத் தூக்குங்கள். உள்ளே தந்திகளைத் தாங்கும் பெரிய இரும்புச் சட்டம் தெரியும். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைகளுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டத்திலோ, அருகிலுள்ள மரத்திலோ எண் இருக்கும். தூசியை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். சில பழைய பியானோக்களில் எண்ணைப் பின்பக்க மரத்தில் சூடு போட்டிருப்பார்கள். கிராண்ட் என்றால் மூடியைத் திறந்ததும் முளைகளின் அருகே பாருங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எண்ணும் தெரியும்.

பிறகு தயாரிப்பாளரின் பெயர். இங்கே ஒரு குழப்பம் வரும். கட்டைகளுக்கு மேலுள்ள பலகையில் பொன்னெழுத்தில் இருக்கும் பெயர் சில சமயம் விற்றவருடையது, செய்தவருடையது அல்ல. 1842-ல் மெட்ராஸில் தொடங்கிய மிஸ்கித் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பியானோக்களை வரவழைத்து விற்றது. பின்னாளில் மியூசி மியூசிகல் ஆனது அதுதான். ஆகவே பலகையோடு நின்றுவிடாமல் இரும்புச் சட்டத்தில் வார்த்திருக்கும் பெயரையும் பாருங்கள்.

பெயரும் எண்ணும் கிடைத்தால் தயாரிப்பு ஆண்டு ஏறக்குறையக் கிடைத்த மாதிரி. பெரிய நிறுவனங்களின் வரிசை எண்ணையும் ஆண்டையும் சேர்த்துத் தரும் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிளெயல், எரார், கவோ ஆகிய பிரெஞ்சு நிறுவனங்களின் பழைய பேரேடுகள் பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; அவற்றை மின்வடிவில் இணையத்திலேயே பார்க்கலாம். பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தடுமாறினால் உங்கள் தெருவில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பெரியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் தெருப் பெரியவர் ஓய்வூதியக் கடிதங்களைப் படித்துப் பழகியவர். இதையும் ஒரு காப்பி குடிப்பதற்குள் படித்துச் சொல்லிவிடுவார்.

இந்த எண் என்ன செய்யும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டின் பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் பியானோ ஒன்றே போதும். இங்கிலாந்தின் ஹாட்ச்லண்ட்ஸ் மாளிகையில் பழைய இசைக்கருவிகளைச் சேர்த்து வைத்திருக்கும் அலெக் காப், ஒரு பிளெயல் கிராண்டைப் பல ஆண்டுகளுக்கு முன் 2,000 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். அது யாருடையது என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஷோபானை ஆய்வு செய்த ஸ்விஸ் அறிஞர் ழான்-ழாக் ஐகல்டிங்கர் பிளெயல் பேரேட்டைப் புரட்டி, 13819 என்ற எண் கொண்ட அந்தப் பியானோவைத்தான் ஷோபான் 1848-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்று நிறுவினார். செய்தி வெளியானது 2007-ல். அதுவரை அது பத்தோடு பதினொன்றாக நின்றுகொண்டிருந்தது.

எண் ஒரு பியானோவின் மதிப்பை இறக்கவும் செய்யும். மயோர்க்கா தீவின் வால்டெமோசா மடத்தில் ஷோபான் 1838-39 குளிர்காலத்தைக் கழித்தார். அங்கே இரண்டு அறைகளின் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பியானோவை வைத்துக்கொண்டு, தங்களிடம் இருப்பதுதான் அவர் வாசித்த பியானோ என்று பல ஆண்டுகள் பயணிகளுக்குக் காட்டி வந்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. அவற்றில் ஒன்று ஷோபான் தீவை விட்டுப் போன பிறகு செய்யப்பட்டது என்று 2011-ல் தீர்ப்பு வந்தது.

என் கதையும் அதுதான், நீதிமன்றம் மட்டும் இல்லை. சென்னையிலிருந்து சுருதி சேர்க்க வந்தவர் மூடியைத் திறந்தார், எண்ணைப் பார்த்தார், செல்பேசியில் தேடினார். 1974 என்றார்.

மூன்றாம் படி: படத்தையும் பொருளையும் பக்கத்தில் வையுங்கள்

பிரபலம் பியானோவோடு இருக்கும் படம், அவர் ஒரு பியானோவோடு இருந்தார் என்பதைத்தான் காட்டும். அது இந்தப் பியானோதானா என்பதை மரம் சொல்ல வேண்டும். மரத்தின் ரேகை நம் கைரேகை மாதிரி, ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. படத்தைப் பெரிதாக்கி ரேகை, கீறல், கால்களின் கடைசல், தாள் வைக்கும் பலகையின் வடிவம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

எனக்குக் கிடைத்த படத்தில் பியானோவின் முகப்பில் இரண்டு பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகள் இருந்தன. என்னுடையதில் இல்லை. கழற்றி விற்றிருப்பார்கள் என்று ஒரு வாரம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கழற்றியிருந்தால் திருகாணித் துளை இருக்க வேண்டும். துளையும் இல்லை.

நான்காம் படி: உள்ளே பென்சில் எழுத்து இருக்கிறதா?

சுருதி சேர்ப்பவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பெயரையும் தேதியையும் உள்ளே எங்காவது பென்சிலால் எழுதி வைப்பார்கள், பெரும்பாலும் இடது கோடியிலுள்ள முதல் கட்டையின் பக்கவாட்டில். கட்டையை நீங்களே பிடுங்க வேண்டாம், தெரிந்தவரைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று நாலைந்து வரி கிடைத்தால் அந்தப் பியானோ ஊர் ஊராகப் போன வழி தெரியும். அழித்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

இதோடு ரசீது, கடிதம், வாங்கியவர் விற்றவர் பெயர்ச் சங்கிலி. இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பெயருக்கான விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: அரசுச் சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளைக் கட்டைகளைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு துண்டுகள் சேரும் மெல்லிய கோடும், உள்ளே நூலிழை போன்ற ரேகையும் தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். ஒரே துண்டாக, ரேகை இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை. இந்தியாவில் தந்த வியாபாரம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 1991-ல் வந்த திருத்தத்தால் ஆப்பிரிக்கத் தந்தமும் அதற்குள் வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்கும் முன் வனத்துறையைக் கேளுங்கள். நூறாண்டு தாண்டிய பொருள் என்றால், பிரான்சிலுள்ள மகளுக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தையும் தள்ளி வையுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஆறாம் படி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

நிமிர்ந்த பியானோ சுமார் 200 கிலோ கனக்கும். குட்டியானை வண்டியில் ஏற்ற நான்கு பேராவது வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. கீழே போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் சாட்சி. அவர் உயிராக நேசித்த சி.டி. 318 என்ற ஸ்டெயின்வே 1971-ல் போக்குவரத்தில் விழுந்து இரும்புச் சட்டமே விரிசல் விட்டது. எவ்வளவு பழுது பார்த்தும் பழைய தொடுகை திரும்பவில்லை. இன்று அது ஒட்டாவாவில் காட்சிக்கு நிற்கிறது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. கடல் பார்த்த ஜன்னலருகே வைத்தால் தந்தி துருப்பிடிக்கும், முளை தளரும். வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். சுத்தியல்களில் இருப்பது கம்பளி என்பதால் பூச்சி அரிக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். நான் நான்கு கால்களுக்கும் கருங்கல் கொடுத்து உயர்த்தியிருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்களூர் அருகே கரையைக் கடந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பியானோ நனையவில்லை.

ஏழாம் படி: நோட்டு போடுங்கள்

வாங்கிய தேதி, விலை, வரிசை எண், சுருதி சேர்த்த நாள், மாற்றிய தந்தி என்று எல்லாவற்றையும் எழுதி, ரசீதுகளை உறையில் போட்டு அதனுடன் வையுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குபவருக்கு அதுதான் மூலப்பத்திரம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் கடைக்காரர் சொன்ன கதையையும் முழுதாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில், ‘1974. துளை இல்லை’ என்று இருக்கும்.