நியூரல் கிரெஸ்ட் செல்களின் வம்சாவளியைத் தேடுவது எப்படி: சுண்டெலிக் கருவில் டாமாக்ஸிஃபென் முறை

நியூரல் கிரெஸ்ட் என்பது கருவின் நரம்புக்குழல் விளிம்பிலிருந்து பிரிந்து நகர்ந்து, நரம்பு, நிறமி முதலிய பல வகைச் செல்களாக மாறும் செல் கூட்டம். சாக்ஸ்10 அவற்றில் இயங்கும் மரபணு. சாக்ஸ்10-கிரீஇஆர்டி2 எலியில், சாக்ஸ்10 இயங்கும் செல்களில் உருவாகும் கிரீ என்ற டிஎன்ஏ வெட்டும் நொதி உட்கருவுக்கு வெளியே அடைபட்டிருக்கும். டாமாக்ஸிஃபென் கிடைத்தால்தான் உள்ளே போய், லாக்ஸ்பி (கிரீ அடையாளம் காணும் டிஎன்ஏ குறி) இடங்களுக்கு நடுவிலுள்ள தடுப்புத் துண்டை வெட்டும். அதன்பின் ரோசா26 என்ற மரபணு இடத்திலுள்ள டிடிடொமேட்டோ, அதாவது சிவப்பாக ஒளிரும் புரதத்தின் மரபணு, இயங்கும். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாமே சிவப்புதான்.

கிரீயை ஆண் எலி வழியாகவும், ரிப்போர்ட்டரை (அந்த ஒளிரும் மரபணுவை) தாய் வழியாகவும் கொண்டுவாருங்கள். தாயின் திசு ஒளிராது. கருவைப் பிரித்தெடுக்கும்போது குழப்பம் வராது. காலையில் பிளக் (இனச்சேர்க்கைக்குப் பின் பெண் எலியின் பிறப்புறுப்பில் உறையும் அடைப்பு) தெரிந்தால் அன்றைய நண்பகல்தான் கரு நாள் 0.5.

ஒரு மில்லி மக்காச்சோள எண்ணெயில் 10 மி.கி. டாமாக்ஸிஃபெனும் 5 மி.கி. புரொஜெஸ்டரோனும் போட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்குங்கள். கையுறை கட்டாயம். காலையில் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மினுமினுவென்று துகள் மிதந்தால் இன்னும் கரையவில்லை. அப்படியே கொடுத்தால் எலிக்கு எலி அளவு மாறும். வாய்க்குழாய் வழியாக 0.2 மி.லி., அதாவது 2 மி.கி. டாமாக்ஸிஃபென். புரொஜெஸ்டரோனை விட்டுவிடாதீர்கள்: ஈஸ்ட்ரஜன் ஏற்பியில் டாமாக்ஸிஃபென் குறுக்கிடுவதால் கரு கலையக்கூடும். சேர்த்தாலும் பிரசவம் தடைபடலாம். குட்டிகள் வேண்டுமென்றால் 18.5ஆம் நாளில் அறுத்தெடுத்து வளர்ப்புத் தாயிடம் விடுங்கள்.

பலர் சறுக்குவது நேரக் கணக்கில்தான். மருந்து வேலையைத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரமாகும். பிறகு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். 8.5ஆம் நாளில் கொடுத்தால் இடம்பெயரும் கிரெஸ்ட் செல்கள் சிவக்கும். 11.5இல் கொடுத்தால் நரம்போடு ஒட்டிய ஷ்வான் முன்னோடிச் செல்களும் (நரம்பிழைகளைச் சுற்றும் செல்களின் முன்னோடிகள்) சிவக்கும், ஏனென்றால் அவற்றிலும் சாக்ஸ்10 உண்டு. நிறமிச் செல்கள் இரண்டிலிருந்தும் வரும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தாயை 24 மணி நேரத்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் எந்தச் செல் சிவந்தது என்று தெரியாமல், கடைசியில் கண்டதை வைத்து வம்சம் சொல்லவே முடியாது. மருந்தில்லாத கிரீ-ரிப்போர்ட்டர் கருவும் அவசியம். அதில் சிவப்பு தெரிந்தால் கிரீ கசிகிறது.

ஒற்றைக் குளோன் (ஒரே செல்லின் வாரிசுகள்) மட்டும் வேண்டுமா? 0.5, 0.1 மி.கி. என்று அளவை இறக்கிக்கொண்டே போங்கள். சிவப்புக் கூட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்க வேண்டும். செல்லுக்குச் செல் வெவ்வேறு நிறம் தரும் கான்ஃபெட்டி ரிப்போர்ட்டர் உதவும், ஆனால் அதில் நான்கு நிறமும் சம அளவில் வராது. உட்கருப் பச்சை அரிது.

திசுவை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 30 சதவீத சுக்ரோஸில் மூழ்கும்வரை வைத்து, 12 மைக்ரானில் சீவுங்கள். மெத்தனால் வேண்டாம், ஒளிர்வு அணைந்துவிடும்.