காலையில் மட்டும் மக்கர் செய்யும் காரா? சூடாவதற்கு முன்பே பாருங்கள்

ஊட்டியில் டிசம்பர் காலை. ராத்திரி முழுக்க வெளியே நின்ற பெட்ரோல் கார் நாலைந்து தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் பிடிக்கிறது, பிடித்தாலும் குலுங்குகிறது, பத்து நிமிடம் ஓடியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதை அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனால் அவர் எதைப் பார்ப்பார்? கோளாறுதான் மறைந்துவிட்டதே! முந்தின நாள் மாலையே ஷெட்டில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நீங்களே பாருங்கள்.

முதலில் காதைக் கொடுங்கள். செல்ஃப் சுற்றாமல் 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரி பக்கம் போங்கள். நிற்கும் வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். ஆனால் புதுசு வாங்க ஓடாதீர்கள், டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா, எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? சாவியை ஆனில் வைத்தால் பின்சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று இரையும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பாருங்கள். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் காய்ந்திருக்கிறதா? பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் சூடாகிவிடும்.

பிடித்தபின் குலுங்கினால், பலரும் கவனிக்காமல் விடுவது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டெம்பரேச்சர் சென்சாரைத்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே அதுதான், எஞ்சின் சூடாக இருப்பதாக அது தவறாகச் சொன்னால் குளிருக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டுங்கள். கூலண்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது கூலண்ட் 60 என்றால் சென்சார் பொய் சொல்கிறது. மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், அல்லது கனெக்டர் கழன்றிருக்கும்.

சென்சார் சரி என்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா, ஏர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் வண்டியென்றால் குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ ப்ளக்கைச் சோதியுங்கள். அப்புறம், அரை மணி ஓடியும் எஞ்சின் சூடே ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும், மைலேஜ் குறைவதும் அதனால்தான்.