தலை சுருங்குமா? டேப் செய்யும் குளறுபடிகள்

மகளின் தலைச் சுற்றளவு ஐந்தாம் மாதம் 44.6 சென்டிமீட்டர். ஆறாம் மாதம் 43.6. குழந்தையின் தலை எங்காவது சுருங்குமா?

இரண்டு அளவும் நான் வீட்டில் எடுத்தவைதான். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவிலில் மகளுக்கு மொட்டை போட்டோம். அதற்கு முன்பு அடர்ந்த முடி, அதில் ஒரு கிளிப், போதாக்குறைக்கு ஒரு காதின் மேலேயே ஓடிய டேப். எல்லாம் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூட்டிக் காட்டியிருக்கிறது. அந்த 44.6-ஐப் பார்த்துவிட்டு ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

ஆறு மாதக் குழந்தைக்கு, வளர்ச்சி வரைபடத்தில் அந்த வயதின் நடு அளவைக் காட்டும் நடுக்கோட்டுக்கும் அதற்கு மேல்கோட்டுக்கும் இடைவெளியே சுமார் 1.3 சென்டிமீட்டர்தான். கை ஒரு சென்டிமீட்டர் தவறினால் போதும், பிள்ளை கிட்டத்தட்ட ஒரு கோடு தாண்டிவிடும்.

டேப் போக வேண்டிய பாதை இது: முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் காதுகளுக்கு மேலே, பின்னால் மண்டை அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தின் மேலே. பலரும் பின்பக்கம் பிடரிக்கு இறக்கிவிடுவார்கள். டேப்பைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்து, கிடைப்பதில் பெரிய அளவை எடுக்க வேண்டும். முடி படியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். கிளிப், ஹேர்பேண்ட், பின்னல் எல்லாம் முதலில் கழன்றுவிடட்டும். ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க, இன்னொருவர் அளப்பது உத்தமம். தனியாளாக அளந்தால் டேப் ஒரு பக்கம் சரிந்தே தீரும். மூன்று முறை அளங்கள், மில்லிமீட்டர் வரை எழுதுங்கள். "நாற்பத்து மூணரை இருக்கும்" என்பது கணக்கில் சேராது.

அப்புறம் அந்த டேப். பிளவுஸ் தைக்க ஆயா வைத்திருக்கும் துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும், அதுதான் வேடிக்கை. நீளாத டேப்பாக வாங்குங்கள், மாதாமாதம் அதையே பயன்படுத்துங்கள்.

பிறந்த அன்றே எடுத்த அளவையும் பெரிதாக நம்ப வேண்டாம். பிரசவத்தில் தலை அமுங்கி, வீங்கி இருக்கும். ஒரு நாள் கழித்து மறுபடி அளப்பது நல்லது. குறைமாதப் பிள்ளை என்றால், இரண்டு வயது வரை பிறந்த தேதியை வைத்து அல்ல, டாக்டர் குறித்த பிரசவத் தேதியை வைத்தே வயதைக் கணக்கிட வேண்டும். இது மறந்துபோய் எத்தனையோ வீடுகளில் வீண் அழுகை.

ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதம் சுமார் 1, அதன்பின் அரை. முதல் வருடம் மொத்தம் 12 போல வளரும், இரண்டாம் வருடம் 2 தான். தன் கோட்டை ஒட்டியே போகிறதா என்று பாருங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் குழந்தையின் ஊசி, வளர்ச்சி விவரம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் 14 வாரத்திலும் 12 மாதத்திலும் தலை அளவு எழுத இடம் உண்டு. ஊசி போட்ட அவசரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டரிடம் கேட்டு எழுத வையுங்கள்.

தலையை எண்ணெய் போட்டு உருட்டி அமுக்கினால் வடிவாக வரும் என்பார்கள். மண்டை வளர்வது உள்ளே வளரும் மூளையை ஒட்டி. எண்ணெய் தடவுங்கள், அமுக்காதீர்கள்.

ஆனால் கோடு விட்டுக் கோடு வேகமாக ஏறினால், உச்சிக்குழி புடைத்து இறுகி நின்றால், ஓயாத வாந்தி, கண்மணி கீழே சரிந்த பார்வை, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் மறுபடி அளந்துகொண்டு உட்காராதீர்கள். மூளையில் நீர் கோத்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

என் மகள் விஷயத்தில் டாக்டர் சரியாக அளந்தார்: 43.6, நடுக்கோட்டுக்கு ஒரு கோடு மேலே. பிறகு டேப்பை எடுத்து என் கணவரின் தலையில் சுற்றினார். 60 வந்தது. "இதுக்கு மேலயும் காரணம் வேணுமா?" என்று கேட்டார். என் மாமியார் மட்டும், அவன் தலை சின்ன வயதில் அழகாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்.